மூன்றே நாளில் பழகிவிட்டாள்

ஜூன் 3, செவ்வாய்

பாப்பாவின் பள்ளிப் பையில் சாப்பாட்டு டப்பாவோடு ஒரு கடிதமும் வந்தது. சிறப்புப் பள்ளிகளை மறுசீரமைக்கப் போகிறார்களாம். நாற்பது பிள்ளைகள் படிக்கும் எங்கள் பள்ளியை மூடிவிட்டு, ஊர்க் கோடியிலிருக்கும் பெரிய பள்ளியோடு சேர்க்க யோசனை. பதின்மூன்றாம் தேதி கருத்துக் கேட்புக் கூட்டம்.

பாப்பாவுக்குப் பதினொரு வயது. பேச்சு கிடையாது, தண்ணீர் வேண்டுமென்றாலும் பட அட்டையைத்தான் நீட்டுவாள். இந்தப் பள்ளி வாசலை அழாமல் தாண்ட அவளுக்குப் பதினான்கு மாதம் பிடித்தது. மறுபடியும் முதலிலிருந்தா?

பாப்பாவின் டீச்சருக்குப் போன் செய்தேன். "நான் இருக்கும்போது நீ ஏன் கவலைப்படுறே, தங்கச்சி" என்றார். ஆறு வருடமாக அவர் சொன்னால்தான் என் மனசு அடங்கும். இன்றும் அடங்கியது.

ஜூன் 5, வியாழன்

டீச்சர் வீட்டு நோட்டுகளைக் கேட்டார். தினமும் பாப்பாவின் பையில் போய்வரும் நோட்டு. வகுப்பில் நடந்ததை அவர் எழுதுவார், வீட்டில் நடந்ததை நான் எழுதுவேன். பிள்ளைகள் எவ்வளவு தேறியிருக்கிறார்கள் என்று அதிகாரிகளிடம் காட்டினால் மூட மனசு வராது என்றார். ஆறு வருட நோட்டையும் துணிப்பையில் போட்டு, கிழிந்த அட்டைக்கு டேப் ஒட்டிக் கொடுத்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

கடையில் நல்ல கூட்டம். கால் வலி.

ஜூன் 11, புதன்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

கல்வி அலுவலகத்திலிருந்து எங்கள் ஜெராக்ஸ் கடைக்கு ஓர் அறிக்கை வந்தது. அறுபது படி, ஸ்பைரல் பைண்டிங். எங்கள் முதலாளிக்கு ஒரே சட்டம்தான்: எண்ணு, படிக்காதே. ஏழு வருடமாக நான் படித்ததில்லை. இன்று பதினான்காம் பக்கத்தில் என்னுடைய கோணல் எழுத்தே என்னைப் பார்த்தது. "புது வீட்டுக்கு மூன்றே நாளில் பழகிவிட்டாள்."

கீழே அச்சில்: இடமாற்றத்தை இப்பிள்ளைகள் விரைவில் ஏற்றுக்கொள்வதைப் பெற்றோரின் குறிப்புகளே காட்டுகின்றன. தொகுத்தவர் என்று டீச்சரின் பெயர். பெயருக்குப் பக்கத்தில், பெரிய பள்ளியின் சிறப்புப் பிரிவு ஒருங்கிணைப்பாளர். கூட்டமே இன்னும் நடக்கவில்லை. அதற்குள் அவருக்குப் பதவி.

மூன்று நாளா? பத்தொன்பது நாள். வீடு மாறியபோது நடையில் செருப்புகளுக்குப் பக்கத்தில் படுத்துக் கிடந்தாள். மணிக்கட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொண்டாள். அது டீச்சருக்குத் தெரியாதா? போனில் அழுது அழுது சொன்னேனே! "இதையெல்லாம் நோட்டுல எழுதாதே. நல்லதை எழுது, படிக்கிறவங்களுக்கும் தெம்பா இருக்கும்" என்றது யார்? அவருக்குத் தெம்பாக இருக்கட்டும் என்று நானும் மூன்று நாள் என்று எழுதினேன். எல்லா அம்மாக்களும் அப்படித்தான் எழுதுவோம். நோட்டில் எங்கள் பிள்ளைகள் தூங்குவார்கள், சாப்பிடுவார்கள், யாரையும் கடிக்கமாட்டார்கள்.

அறுபதுக்கும் நானே பைண்டிங் போட்டேன். போடாமல் என்ன செய்வது, என் வேலை அது.

பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதை என்றார் பாப்பாவின் அப்பா. உண்மையைச் சொன்னதற்காக அவர்மேல் எரிந்து விழுந்தேன்.

ஜூன் 13, வெள்ளி

கூட்டத்தில் எழுந்து நின்றுவிட்டேன். பதினான்காம் பக்கம் உண்மையில்லை, பத்தொன்பது நாள் ஆனது என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, மைக்கை யாரோ நீட்டினார்கள். மறுபடி சொன்னேன்.

அதிகாரி அறிக்கையைப் புரட்டினார். கோபமே படாமல் கேட்டார்: "அப்ப நீங்க ஸ்கூலுக்கு எழுதிக் கொடுத்தது பொய்யாம்மா?"

மற்ற அம்மாக்களைப் பார்த்தேன். ஒருத்தி கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள். மற்றவர்கள் குனிந்துகொண்டார்கள். எழுந்தால் அவர்கள் நோட்டும் பொய்யாகிவிடும்.

டீச்சர் மட்டும் எழுந்தார். "நான் ஒரு வார்த்தைகூட சேர்க்கலை சார். அவங்க எழுதினதுதான்."

அவங்க. நேற்றுவரை தங்கச்சி.

ஜூன் 14, சனி

டீச்சர் மூன்று முறை போன் செய்தார். எடுக்கவில்லை. எடுத்தால் அழுதுவிடுவேன், அவர் சமாதானம் சொல்வார், என் மனசு வெட்கமில்லாமல் அடங்கிவிடும்.

ஜூலை 30, புதன்

மூடுகிறார்கள். பெற்றோரின் பரவலான ஆதரவுடன், என்று கடிதத்தில் இருக்கிறது.

செப்டம்பர் 1, திங்கள்

வேனில் ஒரு மணி பத்து நிமிடம். பெரிய பள்ளி வாசலில் பாப்பா இறங்கவில்லை. டீச்சரின் படம் உள்ள அட்டையை எடுத்து எடுத்து என்னிடம் நீட்டினாள். டீச்சர் எங்கே என்று கேட்கிறாள். மாடியில் அலுவலக அறையில் இருக்கிறார், கீழே வருவதில்லை. அதற்கு என்னிடம் அட்டை இல்லை.

புது நோட்டு கொடுத்தார்கள். முதல் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: நல்ல செய்திகளைப் பகிர்ந்துகொள்ளுங்கள். கீழே ஒருங்கிணைப்பாளரின் கையொப்பம்.

செப்டம்பர் 23, செவ்வாய்

நோட்டில் இன்று நான் எழுதியது: "பதினேழாவது நாள். இன்றும் இறங்கவில்லை. பதினொன்றரை மணி வரை வேனிலேயே இருந்தாள். மணிக்கட்டில் பழைய இடத்திலேயே புண். டீச்சரின் படத்தைக் கையிலிருந்து வாங்க முடியவில்லை."

தினமும் பையில் வைப்பதற்கு முன் அந்தப் பக்கத்தைக் கடையில் ஒரு படி எடுத்துக்கொள்கிறேன். இன்று எடுக்கும்போது முதலாளி பின்னால் வந்து நின்றார். பதினேழு தாளையும் கையில் வாங்கினார். எண்ணுவார் என்று நினைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் தாளிலிருந்து படித்தார்.