சின்னவளின் எடை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. நீயும் மாமாவும் சுகம்தானே? கூடத்தில் விளக்கைப் போட்டால் அப்பா விழித்துக்கொள்வார். குளியலறையில் உட்கார்ந்து கணக்கு நோட்டுத் தாளில் எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

அப்பா தராசு பழுதுபார்க்கப் போவதை நிறுத்திவிட்டார். கூடத்தில் இப்போது எடை மேடை, அதற்கு மேலே மோட்டாரில் சுழலும் செம்புத் தட்டு. அதன் அடியில் உட்கார்ந்தால் பூமியின் இழுப்பு குறைந்து உடம்பு லேசாகும் என்று எங்கோ படித்திருக்கிறார். முதலில் மணல் மூட்டையை வைத்தார். முள் அசையவில்லை. மூட்டைக்கு உயிர் இல்லை, அதனால்தான் என்று சொல்லி, நம் கடைக்குட்டி சின்னவளை உட்காரவைத்தார்.

வயிற்றில் சோறு இருந்தால் கணக்கு தப்புமாம். காலையில் ஒரு டம்ளர் பால் மட்டும். வாரத்துக்கு வாரம் முள் இறங்குகிறது. சாப்பிடாமல் இளைக்கிறாள் அப்பா என்றேன். "எடைக்கல்லோட குடும்பம் நடத்துறவன் நான். எனக்கே எடை சொல்லித் தர்றியா?" என்று சிரித்தார். மனுஷன் இப்போதுதான் தலைநிமிர்ந்து நடக்கிறார், கெடுத்துவிடாதே என்கிறாள் அம்மா.

எடை கூடினால் விட்டுவிடுவார் என்று நினைத்து, அவள் பாவாடை மடிப்பில் இரும்புத் துண்டு வைத்துத் தைத்தேன். முள் ஏறியது. திருட்டுத்தனமாகத் தின்றிருக்கிறாள் என்று முடிவுகட்டி அப்பா பெல்ட்டைக் கழற்றினார். இரும்பு வைத்தது நான் என்று அவளுக்குத் தெரியும். அடி வாங்கியும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, அக்கா. இப்போது பாலும் கிடையாது. சமையலறைச் சாவி அப்பாவின் இடுப்பில்.

ஞாயிற்றுக்கிழமை இதைப் பார்க்க வெளியாட்கள் வருகிறார்கள். இன்று மேடையிலிருந்து அவளால் இறங்க முடியவில்லை. "பாரு, பஞ்சு மாதிரி இருக்கா" என்று அப்பா பூரித்துப்போய்த் தூக்கி இறக்கினார். படுக்கும்போது என்னிடம் மெல்லக் கேட்டாள்: "நான் பறந்துட்டா, கயிறு கட்டிப் பிடிச்சுக்குவியா?"

மாமாவிடம் கேட்டுக்கொண்டு சனிக்கிழமைக்குள் வந்துவிடு. நான் எழுதியதாகச் சொல்லாதே, சும்மா பார்க்க வந்ததாகச் சொல். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள். வரும்போது வண்டி எதுவும் பேச வேண்டாம். அவளை இடுப்பில் வைத்தே நீ நடந்து போய்விடலாம். கனமே தெரியாது.

இப்படிக்கு,
உன் தங்கை