கை தூக்கிய பதினான்கு பேர்

1979 ஜூன் 8, வெள்ளி

தூக்கம் வரவில்லை. பாதி வெட்கம், பாதி சிரிப்பு.

ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு பள்ளியில் எங்கள் குறுக்குத் தெருவைப் பற்றிக் கூட்டம் நடந்தது. தெருவை அகலமாக்கிக் கிறவல் மண் போடப் பட்டின சபை தயாராம். நிலத்துக்கு மட்டும் காசு தராது. ஒவ்வொரு வீட்டு வளவும் சும்மா இரண்டடி விட வேண்டும். முதல் ஆளாகக் கை தூக்கினேன். எனக்குப் பின்னால் இன்னும் பதின்மூன்று கைகள்.

வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். மனைவி ரகுமா அரிசி புடைப்பதை நிறுத்தினாள்.

"இது எங்கட வாப்பா எனக்குச் சீதனமாத் தந்த வளவு. ஆரக் கேட்டுக் கை தூக்கின நீங்க?"

இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து பத்தொன்பது வருடம். காணி உறுதி அவள் பெயரில் இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

அஸர் தொழுகைக்குப் பின், எங்கள் தெருவிலேயே குடியிருக்கும், பள்ளி நிர்வாகத்தைப் பார்க்கும் மரைக்கார் பட்டியலோடு ஒப்பம் வாங்க வந்தார். கதவுக்குப் பின்னால் நின்று ரகுமாதான் கதைத்தாள்.

"ரெண்டடி காணா காக்கா, மூணு எடுங்க. வாப்பாட மையத்தக் கொண்டு போகக்குள்ள சந்தூக்குப் பெட்டி அந்த முடக்கில திரும்பல்ல. ஆனா ஒப்பம் நான்தான் வெப்பன்."

"ஓம் தங்கச்சி, வெய்ங்க" என்று சிரித்தபடி மரைக்கார் பட்டியலை நீட்டினார். அதில் ஏற்கெனவே ஒன்பது ஆண்களின் பெயர்கள் வெட்டப்பட்டு, பக்கத்தில் மனைவிமாரின் பெயர்கள் எழுதப்பட்டிருந்தன.

எல்லாவற்றுக்கும் மேலே வெட்டப்பட்டிருந்தது மரைக்காரின் பெயர்.