வால் முளைத்த கோப்புகள்

உன் மேக் லேப்டாப்பைத் திறந்ததும் திருநீறு வாசம் வந்தது மாப்ள. பழனி லாட்ஜ்காரர்களைப் பார்த்துவிட்டு, கையைக்கூடத் துடைக்காமல் திண்டுக்கல் வந்து டைப் அடிக்க உட்காருவாய். பட்டன் இடுக்குகளில் இன்னும் வெள்ளையாக இருக்கிறது. நான் துடைக்கவில்லை.

நாம் செய்துகொடுத்த லாட்ஜ் வெப்சைட்டுகள் எல்லாவற்றிலும் ரூம் புக்கிங்குக்கு உன் பெயரும் எண்ணும்தான். கார்த்திகையில் நீ போய்ச் சேர்ந்தாய். தைப்பூசம் நெருங்கியதும் உன் போன் ஓயவில்லை. உன் வீட்டுக்காரி, என் தங்கச்சி, என்னைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, ரூம் இருக்கான்னு அவரத்தான் கேக்குறாக. அவரு இல்லைன்னு எத்தன பேருக்குண்ணே சொல்லுவேன்? அவரு நம்பர எடுத்து விட்ருங்கண்ணே.”

அதற்காகத்தான் உன் மேக்கைத் திறந்தேன். ஒரு பக்கத்தில் எண்ணை இடைவெளி விட்டு எழுதியிருக்கிறாய், இன்னொன்றில் நடுவில் கோடு, வேறொன்றில் முன்னால் +91. ஒழுங்காக எழுதித் தொலைக்கமாட்டாயா? எல்லா வடிவத்தையும் பிடிக்கிற மாதிரி ஒரே ரெகுலர் எக்ஸ்பிரஷன் எழுதினேன். உன்னை எடுத்துவிட்டு என்னைப் போட ஒரு வரி போதுமாக இருந்தது.

கைப்பழக்கத்தில், மாற்றி எழுதும் கட்டளையை sed -i -e என்று அடித்துவிட்டேன். என் லினக்ஸில் அது பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதும். உன் மேக்கோ, பழைய கோப்பின் பெயருக்குப் பின்னால் அந்த -e-யை ஒட்டி, அதையும் பத்திரமாக வைத்துக்கொள்ளும். எத்தனை தடவை திட்டியிருக்கிறாய்.

“ஏலே மச்சான், -i-க்குப் பின்னாடி வெத்துக் கோட்ஸ், ரெண்டு மேற்கோள் குறி, போடுன்னு சொன்னேன்ல. பாரு, அம்புட்டுக்கும் வால் மொளச்சு நிக்குது.”

திட்டிக்கொண்டே நீயே உட்கார்ந்து அழிப்பாய். இந்த முறையும் ஒவ்வொரு பக்கத்துக்கும் பக்கத்தில் வால் முளைத்த ஒன்று நின்றது, உள்ளே உன் பெயரோடு. அழிக்கும் கட்டளையை அடித்தேன். என்டரைத் தட்ட முடியவில்லை. புதிய பக்கங்களை மட்டும் ஏற்றிவிட்டு மூடினேன்.

நேற்று தங்கச்சி கூப்பிட்டாள். நிம்மதியாக இருக்கிறாள் என்று நினைத்தேன்.

“இன்னைக்கு ஒரு போன்கூட வரலண்ணே. அவரு பேரச் சொல்லி யாருமே கேக்கல.” அழுதாள்.

வால் முளைத்த கோப்புகளை அப்படியே வைத்திருக்கிறேன். இன்றைக்கே திருப்பிப் போட்டுவிடலாம், அதற்கும் ஒரு வரிதான். உன் போன் மறுபடி அடிக்கும். எடுத்துப் பேச நீ வரமாட்டாய்.