மாடிக்குக் காகிதம் இல்லை, அப்பா

நீ இறந்தபின் எடுத்து வைத்திருந்த உன் பையைத் திறந்ததும் பதனிட்ட தோலின் வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது. நீ வேலை பார்த்த, தோல் பதனிடும் ஷாப்பில் கழித்துப்போட்ட துண்டுகளை வைத்து நீயே தைத்த பை. வீட்டுப் பத்திரம், வரி ரசீது, கரண்ட் இணைப்புச் சீட்டு எல்லாம் இருந்தன. மாடிக்கு மட்டும் ஒன்றுமில்லை. பையைத் தலைகீழாகக் கொட்டிக்கூடப் பார்த்துவிட்டேன்.

வீட்டை விற்கிறோம், அப்பா. அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டன. டயாலிசிஸுக்காக ஆம்பூரிலிருந்து வேலூருக்கு பஸ்ஸில் போய்வர அவளால் முடியவில்லை. பள்ளிகொண்டா வருவதற்குள் துவண்டு என் தோளில் சாய்ந்துவிடுகிறாள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு வீடு பார்த்திருக்கிறேன். இதை விற்றால்தான் அது. வாங்க வந்தவர்கள் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் புருஷன் பெண்டாட்டி, நல்ல மாதிரி. ஆனால் அவர்கள் கடன் கேட்ட வங்கியிலிருந்து வந்த என்ஜினியர் மாடியை அண்ணாந்து பார்த்தார்.

"மாடிக்கு அப்ரூவல் இருக்குதாம்மா? கட்டுன கான்ட்ராக்டர் பில்லாவது?"

எனக்குப் படிக்க ஓர் அறை வேண்டும் என்றுதான் கட்டினாய். பிளான் போட்டு ஆபீசில் கொடுக்க வேண்டாமா என்று அம்மா அன்றே கேட்டாள். "நம்ம வூட்டு மேல நாம கட்றதுக்கு எவன்கிட்ட இன்னாத்துக்குக் கேக்கணும்?" என்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நீ கலவை குழைக்கப் போய்விட்டாய். உங்கள் ஷாப்பு ஆட்களிடம் ஒரு வழக்கம். ஒருத்தர் வீட்டில் தளம் போட்டால் மற்றவர்கள் லீவு நாளில் வந்து கைகொடுப்பார்கள். கூலி கிடையாது, வயிறாரச் சாப்பாடு. நீயும் எத்தனை வீட்டுக்கு ஜல்லி சுமந்திருக்கிறாய். கான்ட்ராக்டரே இல்லாத மாடிக்கு பில்லுக்கு எங்கே போவேன்? அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது ஆத்திரமாக வருகிறது.

பக்கத்துத் தெருவில் இருக்கும் உன் தோஸ்த் கரீம் மாமாவிடம் போய் அழுதேன். மறுநாள் அவர் உங்கள் பழைய செட்டில் மிச்சம் இருப்பவர்களைக் கூட்டிக்கொண்டு வங்கிக்கே வந்துவிட்டார். சலவைச் சட்டை, அத்தர் வாசனை, ஒருவர் கையில் தடி. "நாங்கதான் சார் கட்டுனோம். இன்னா எழுதணுமோ எழுதிக்கோங்க, கையெழுத்துப் போடறோம்" என்றார் மாமா. மேனேஜர் எழுந்து எல்லோருக்கும் நாற்காலி போடச் சொன்னார், டீ வரவழைத்தார். பிறகு மெதுவாக, சாட்சியெல்லாம் செல்லாது பெரியவரே என்றார். இனிமேல் அப்ரூவல் வாங்கவும் வழியில்லை. மாடிப் படிக்கட்டு நம் எல்லையைத் தாண்டித் தெருவில் நிற்கிறது. மாடியை இடித்துவிட்டால் கீழ்வீட்டுக்குக் கடன் தருவார்களாம்.

அம்மாவிடம் சொன்னேன். "இடிச்சிக்கினு போவட்டும் போ" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இடிக்கிற ஆளைப் பார்க்கக் கிளம்பியபோது கரீம் மாமா வாசலில் நின்றார். "வெளியாளு வேணாம்மா. ஞாயித்துக்கெழம நாங்களே வர்றோம். உங்கப்பன் சொவத்துல எவனோ கை வெக்கிறத எங்களால பாக்க முடியாது."

அவர்களில் ஒருவராலும் சம்மட்டியைத் தூக்க முடியாது, அப்பா. மாமாவுக்குப் படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன்மேல் வந்த கோபமும் போகவில்லை. நாளை ஞாயிறு. அந்தக் கோபத்தோடுதான் உன் ஆட்களுக்குக் கதவைத் திறந்துவிடப் போகிறேன்.