எட்டாயிரம் என்று சொன்னேன்

டேய், உன் ஜீப்பைத் தட்டிப் பார்த்த சுத்தியலை மூன்று தடவை டீசலில் கழுவிவிட்டேன். இன்னும் நாறுகிறது. கியர் எண்ணெய்க்கே உரிய அந்த அழுகின முட்டை நாற்றம். அதை மேசைமேல் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். செனாவாங்கில் என் வாடகை அறை சின்னது; காற்றாடி சுற்றச் சுற்ற நாற்றமும் கூடவே சுற்றுகிறது. எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது என்று உனக்குத் தெரியும். உன் வண்டிக்கு நான் தப்பான விலை சொன்னேன். அதை உன்னிடம் சொல்லியாக வேண்டும்.

நீ எங்களை விட்டுப் போய் எட்டு மாதம் ஆனபிறகு ஒரு சனிக்கிழமை மாலினி போன் செய்தாள். "அண்ணே, ஜீப்பை வித்துடலாம்னு இருக்கேன். மலாக்காவுலேருந்து ஒருத்தர் புதன்கிழமை வந்து பாக்குறாராம். என்ன விலை சொல்றதுன்னே தெரியல. நீங்க பாத்துச் சொல்லுங்க."

உன் மனைவி சும்மா விற்கவில்லை. லிங்கியிலிருந்து தினமும் செனாவாங் தொழிற்சாலைக்கு மோட்டார் சைக்கிளில் போய்வர முடியாமல், இங்கேயே சிறியதாக ஒரு வீடு பார்த்திருக்கிறாள். முன்பணத்தில் பாதி கையில் இருக்கிறது. மீதி உன் ஜீப்பிலிருந்து வரவேண்டும். மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் வீடு வேறு ஆளுக்குப் போய்விடும். இதையெல்லாம் அவள் போனிலேயே சொன்னாள். நான் கேட்டுக்கொண்டேன். கேட்டும் என்ன செய்தேன் பார்.

ஞாயிற்றுக்கிழமை லிங்கிக்கு வந்தேன். இரண்டு மணிக்கு எனக்கு ஷிப்டு. பத்து நிமிஷம்தான் உன் கொட்டகையில் இருந்தேன். பின்பக்கம் குனிந்து, அடிச்சட்டமான சேசிஸைச் சுத்தியலால் தட்டினேன். நல்ல இரும்பு மணி மாதிரி ஒலிக்கும். இது 'தொப் தொப்' என்றது. உள்ளே துரு தின்றுவிட்டது என்று முடிவு கட்டினேன். சுத்தியல் தலையில் கறுப்பாக ஏதோ ஒட்டியது. கியர்பாக்ஸ் ஒழுகுகிறது என்று அதையும் ஒரு குறையாகச் சேர்த்துக்கொண்டேன். எழுந்து கால்சட்டையில் கையைத் துடைத்துவிட்டுச் சொன்னேன்: "எட்டாயிரம் வெள்ளி. அதுக்கு மேல கிடைச்சா உன் அதிர்ஷ்டம்."

மாலினி முகம் சுருங்கியது. "அவரு இருபதுக்குக் குறையாதுன்னு சொல்லிட்டிருந்தாரேண்ணே."

"ஆசையில சொல்லியிருப்பான்" என்றேன்.

அப்படியேதான் சொன்னேன். உன் கொட்டகையில், உன் ஸ்பானர்கள் தொங்கும் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டு.

கல்லூரி முடித்த புதிதில் நாம் இரண்டு பேரும் உன் மோட்டாரில் ஏறிப் பழைய ஜீப்புகளைப் பார்க்கப் போவோம். வாங்கக் காசு கிடையாது. பார்ப்பதற்கு யார் காசு கேட்கப் போகிறார்கள்? கோலா சாவாவில் ஒரு மலாய்க்காரப் பெரியவர் தன் ஜீப்புக்குப் பதினைந்தாயிரம் சொன்னார். நான் கைபேசியில் வைத்திருந்த பட்டியலை எடுத்து வரிசையாக வாசித்தேன். கதவுக் கீல் போய்விட்டது, தரைத் தகடு ஓட்டை, நாலு சக்கர லீவர் இறுகிக் கிடக்கிறது, டயர் மட்டும் புதுசு, விற்பதற்காகவே போட்டது. பன்னிரண்டாவது குறையில் அவர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். திரும்பி வரும் வழியெல்லாம் நீ சிரித்தாய். "நீ மெக்கானிக் இல்லடா, போஸ்ட்மார்ட்டம் பண்றவன். உயிரோட இருக்கிற வண்டியை உன்கிட்ட காட்டவே பயமா இருக்கு லா."

அடுத்த ஞாயிறு நீ தனியாக அதே வீட்டுக்குப் போனாய். ஒரு மணி நேரம் உட்கார்ந்து அவர் பேசியதைக் கேட்டிருக்கிறாய். கியர்பாக்ஸை அவரே முழுசாகப் பிரித்துக் கட்டியிருக்கிறார் என்பதும், அந்தப் புதுடயர் மகள் கல்யாணத்துக்கு முந்தின மழையில் வண்டி வழுக்கியதால் போட்டது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. "குறையை மட்டும் கழிச்சிட்டே போனா கடைசியில இரும்புக் கடை விலைதான் வரும். என்ன செஞ்சிருக்கான்னும் கேளுடா" என்றாய். ஒரு மணி நேரம் வீண் என்றேன் நான்.

உன் ஜீப்பும் அப்படித்தான் வந்தது. தோட்டத்துப் பழைய மானேஜர் ஓட்டி, ஸ்டோருக்குப் பின்னால் போட்டு, செம்பனை மட்டைகள் மூடிக் கிடந்த வண்டி. கிரான் இல்லாத வண்டி ரோட்டில் ஏறாது, உதிரி பாகத்துக்குத்தான் ஆகும் என்று எல்லாரும் சொன்னார்கள். நீ தோட்ட ஆபீசுக்கு நடையாய் நடந்து, ஏதோ ஒரு அலமாரியின் அடியிலிருந்து அந்த உரிமைப் பத்திரத்தை எடுக்க வைத்தாய். முதல் வருஷம் நான் உன்கூட இருந்தேன். பிறகு எனக்குத் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் வேலை கிடைத்தது. ஓவர்டைம். "சேசிஸைத் தூக்கணும், ஒரு ஆள் வேணும், ஒரு சனிக்கிழமை வா" என்றாய். அடுத்த மாசம் என்றேன். எத்தனை அடுத்த மாசம் என்று நான் எண்ணவில்லை.

புதன்கிழமை காலையில் என் மோட்டாரின் கால்மிதி வளைந்திருந்தது. நிமிர்த்தச் சுத்தியலை எடுத்தேன். நாற்றம் அடித்தது. விரலால் தொட்டேன். ஒழுகின எண்ணெய் என்றால் தண்ணீராக ஓடும். இது மெழுகு மாதிரி ஒட்டியது. அப்போதுதான் மூளை வேலை செய்தது. நான் தட்டியது வண்டியின் பின்கோடியில். கியர்பாக்ஸ் நடுவில் இருக்கிறது. பின் ஆக்சிலிலும் எண்ணெய் உண்டு, ஆனால் அது சேசிஸுக்குக் கீழே. எண்ணெய் மேல்நோக்கி ஏறாது. அப்படியென்றால் இது உள்ளேயிருந்து வந்திருக்கிறது. நீ மெழுகையும் கியர் எண்ணெயையும் காய்ச்சிச் சேசிஸுக்குள் ஊற்றியிருக்கிறாய், துருப் பிடிக்காமல் இருக்க. உள்ளே கனமாக ஏதாவது அப்பியிருந்தால் நல்ல இரும்பும் மணி மாதிரி ஒலிக்காது. 'தொப்' என்றுதான் கேட்கும்.

நீ செய்த காப்பை நான் நோய் என்று எழுதிவிட்டேன்.

மாலினிக்கு ஆறு தடவை போன் போட்டேன். எடுக்கவில்லை. செய்தி அனுப்பினேன், ஒரே ஒரு டிக். மலாக்காக்காரர் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். மேலாளரிடம் வயிற்று வலி என்று சொல்லிவிட்டு மோட்டாரை எடுத்தேன். ரந்தாவ் தாண்டியதும் முன்னால் ஒரு செம்பனைக் குலை லோரி. முந்த இடம் விடவில்லை. அதன் பின்னாலேயே ஊர்ந்தபடி கணக்குப் போட்டேன். எட்டுக்கும் இருபதுக்கும் நடுவில் இருப்பது அவள் வீட்டு முன்பணத்தின் மீதி. இதற்குள் கையெழுத்துப் போட்டிருந்தால்? வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு கிளம்பியிருந்தால்?

உன் வாசலில் ஒரு பிக்கப் நின்றது. ஜீப்பின் அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. மாலினி கையில் கிரானோடு நின்றாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "அண்ணே, எட்டரைக்குப் பேசியாச்சு! நீங்க சொன்னதுக்கு மேல ஐந்நூறு!"

"குடுக்காதே" என்றேன். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. "விலை தப்பு. நான் சொன்னது தப்பு."

கால்கள் வெளியே வந்தன, பின்னாலேயே ஆள். ஐம்பது வயதிருக்கும், முதுகெல்லாம் மண். "தம்பி யாரு?"

"எட்டாயிரம்னு சொன்னவன்."

"அப்ப என் கட்சிதான். இப்ப ஏன் மாறுற?"

நான் தரையில் படுத்து ஜீப்புக்கு அடியில் போனேன். டார்ச் அடித்தேன். சேசிஸ் நெடுக, ஒரு சாண் இடைவெளியில், ரப்பர் மூடி போட்ட துளைகள். ஒரு மூடியைப் பிடுங்கி ஸ்க்ரூடிரைவரை விட்டேன். மெழுகைத் தாண்டி இரும்பில் முட்டி நின்றது. எங்கேயும் உள்வாங்கவில்லை. பக்கத் தாங்கிகள் நாலும் புதுசு. நீ வெல்டிங்கில் வைத்த பற்று. உன் பற்று புழு ஊர்ந்த மாதிரி இருக்கிறது என்று நான் கேலி பண்ணுவேனே, இவை நேர்கோடு. நான் வராத சனிக்கிழமைகளில் பழகியிருக்கிறாய். சேசிஸைத் தூக்கும்போது யார் பிடித்துக்கொண்டார்கள் என்று பிற்பாடு மாலினியிடம் கேட்டேன். "நான்தான்ணே, செயின் பிளாக்கை இழுத்தது" என்றாள்.

வெளியே வந்து அந்த மனிதரைக் கேட்டேன். "நீங்க இதெல்லாம் பாத்துட்டீங்க இல்ல?"

"பாத்தேன்."

"சொல்லலியே?"

"பாத்ததை எல்லாம் சொல்றதுக்கு நான் என்ன ஜோசியக்காரனா? இந்தப் பொண்ணு கேட்டது எட்டு. நான் எட்டரை சொன்னேன். அதுலேயே எனக்குப் புண்ணியம் சேர்ந்துருச்சுன்னு நினைச்சேன்."

மாலினி என்னைப் பார்த்தாள். "அப்ப எவ்வளவுண்ணே?"

இருபது என்றால் அவர் கிளம்பிப் போய்விட்டால்? பதினைந்து என்றால் மறுபடியும் நான் அவளை ஏமாற்றுகிறேனா? மாதக் கடைசிக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. "தெரியல" என்றேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதாக ஞாபகம் இல்லை.

அவள் ஜீப்பில் ஏறினாள். சோக்கைப் பாதி இழுத்தாள். பெடலை இரண்டு தடவை மிதித்தாள். டேஷ்போர்டுக்கு அடியில் உள்ளங்கையால் ஒரு தட்டு. ஸ்டார்ட்! நீ போனதிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் பத்து நிமிஷம் ஓட விட்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நான் அதை ஸ்டார்ட் பண்ணச் சொல்லக்கூட இல்லை. மலாக்காக்காரர் எஞ்சினைப் பார்க்கவில்லை. யோசிக்காமல் சோக்கை இழுத்த அவள் கையைத்தான் பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

எஞ்சின் சத்தத்துக்கு மேல் அவள் சொன்னாள்: "அவரு இருபதுன்னாரு. நான் இருபத்தி ரெண்டு கேக்குறேன்."

"எட்டரைக்குக் கை குடுத்துட்டு இப்ப இப்படிச் சொன்னா எப்படிம்மா?"

"கை எங்க குடுத்தேன்? குடிக்கத் தண்ணிதானே குடுத்தேன்."

அவர் சிரித்துவிட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று பிக்கப்பில் ஏறிப் போய்விட்டார். போகிற வண்டியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கையில் வந்த எட்டரையையும் கெடுத்துவிட்டேனோ? "நானே வாங்கிக்கிறேன் மாலினி. இருபத்தி ரெண்டுக்கே. லோன் போட்டாவது."

"வேணாம்ணே. நீங்க குடுத்தா அது வண்டி விலை இல்ல, பரிகாரம்."

அதோடு விட்டிருக்கலாம். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அவளே சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. "காய்ச்சலா கெடந்தப்ப அவரு உங்களுக்குத்தானே மொதல்ல போன் பண்ணாரு. பேசிட்டு வந்து, 'அவன் சொல்லிட்டான், சாதாரணக் காய்ச்சலாம், மாத்திரை போட்டுத் தூங்கச் சொன்னான்'னாரு. கிளினிக்குப் போலாம்னு நான் கூப்பிட்டேன். வரல. நீங்க சொன்னா அவருக்கு அது முடிஞ்ச விஷயம். எனக்கும் அப்படித்தான்." கிரானை மடித்தாள். "இனிமே விலை உங்ககிட்ட கேக்கலண்ணே."

அந்த போன் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மெஷின் பக்கத்தில் நின்றபடி ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினேன். மூணு நாளா எலும்பெல்லாம் முறிக்குது என்றாய். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் டெங்கி என்றார்கள். சீக்கிரம் வந்திருந்தால் பிழைத்திருப்பாயா என்று எனக்குத் தெரியாது. எந்த டாக்டரும் எனக்கு அதைச் சொல்லப் போவதில்லை. ஆனால் நான் உன்னைப் பார்க்காமலேயே சொன்னேன். அது மட்டும் தெரியும்.

அடுத்த எட்டு நாளும் வேலையில் எதையும் என்னால் ஒருமுறை பார்த்துவிட்டு நகர முடியவில்லை. பாஸ் முத்திரை குத்தின பெட்டியைத் திரும்பப் பிரித்தேன். பக்கத்து மேசைப் பையன்கள், "என்னண்ணே, காதல் தோல்வியா?" என்றார்கள். சாப்பாட்டு இடைவேளையில் ஐந்து தடவை போனைப் பார்ப்பேன். ஒன்பதாம் நாள் மாலினியிடமிருந்து செய்தி: "பத்தொன்பது. முடிஞ்சது." மலாக்காக்காரர் திரும்ப வந்து பேசியிருக்கிறார், அவள் தனியாகவே பேசி முடித்திருக்கிறாள். வீட்டு முன்பணமும் கட்டிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வந்து அவர் வண்டியை எடுத்துப் போகிறார்.

நேற்று சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். "அண்ணே, ஜீப்பைக் கழுவ வெளிய எடுத்தேன். திருப்பும்போது முன்னால இடது சக்கரத்துல டக் டக்னு ஒரு சத்தம். அவரு வர்ற நேரத்துல இப்படி. என்னவா இருக்கும்?"

பேரிங். ஜாயிண்ட். நட்டு தளர்ந்திருக்கும். மூன்றும் ஒரே நேரத்தில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டன.

"போன்ல தெரியாது. வந்து பாக்குறேன்."

"எப்பண்ணே?"

"இப்பவே."

மூன்று பதில்களையும் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு லிங்கி வரை வண்டி ஓட்டினேன்.