படத்தில் யாரோ

அன்பு வாலுவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். அப்பாவின் முட்டிவலி பரவாயில்லை, மாடியில் துணி காயப்போடச் சொன்னால் மட்டும் உடனே திரும்பி வந்துவிடுகிறது. உனக்கு இருமல் நின்றதா? இதையெல்லாம் போனிலேயே கேட்டிருக்கலாம், ஆனால் மற்றதைச் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீ சொன்னபடி துறைமுகத்துப் பின்தெருவில் இருக்கும் கேலரிகளைப் பார்க்கப் போனேன். தனியாகப் போகக் கூச்சப்பட்டு உன் பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு போனதுதான் முதல் தப்பு. டயர் கடை மாடியில் ஒரு கேலரி, அங்கே இருட்டு அறையில் கடல் அலையைப் படம் எடுத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா, ஜன்னலைத் திறந்தா நிஜக் கடலே தெரியுமே, இவங்களுக்கு என்ன வந்துச்சு என்று சத்தமாகவே கேட்டாள். அடுத்தது பழைய ஐஸ் கிடங்கு, உடைந்த படகுப் பலகைகளைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார்கள், எனக்கு அது பிடித்திருந்தது, ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மூன்றாவதில்தான் நீ வரைந்த படம். உள்ளே நுழைந்ததும் எதிர்ச் சுவர் முழுக்க நான். நைந்த நைட்டி, கழுத்தெல்லாம் வியர்வை, இஸ்திரிப் பெட்டியை அழுத்திப் பிடித்த கை, அந்தக் கையில் சூடுபட்ட தழும்பு ஒன்று விடாமல் வரைந்திருக்கிறாய். சலவைக் கடையில் கல்லாவில் உட்காருகிறேன் என்று பெரியம்மாவிடம் இத்தனை வருஷமும் நான் அளந்துவிட்டிருப்பது உனக்கு எங்கே தெரியும். ஏய், இது நீதானேடி என்றாள் பெரியம்மா. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, யாரோ வேலைக்காரி, போயும் போயும் என்னை மாதிரியா இருக்கு என்று சிரித்தேன். அதற்குள் கேலரியில் இருந்த பெண் வந்து, இது வரைஞ்சவங்களோட அம்மா, நீங்க அவங்களுக்குச் சொந்தமா என்று கேட்டாள். இல்லை, எனக்கு அவங்களைத் தெரியாது என்றேன். முகம் ஒத்துப்போச்சு, அதான் கேட்டேன், எங்கம்மா வந்தாங்களான்னு அவங்க தினமும் போன் பண்றாங்க என்றாள்.

தரை பிளந்து அப்படியே உள்ளே போய்விடலாம் போலிருந்தது. ஒரு தழும்புக்கு வெட்கப்பட்டு, பெற்ற பிள்ளையையே தெரியாது என்று சொல்லிவிட்டேன். எவ்வளவு நேரம் நின்று பார்த்து அதை வரைந்திருப்பாய் என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. அப்பா திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும், புள்ளைகிட்ட நீயே சொல்லிடு என்றதோடு எழுந்து போய்விட்டார். அம்மா வரவில்லை என்று அந்தப் பெண் சொன்னால் அவளைத் தப்பாக நினைக்காதே, பொய் சொன்னது நான். படம் இன்னும் ஒரு வாரம் இருக்குமாம். பெரியம்மாவைத் திரும்பவும் அங்கேயே கூட்டிப்போய்ச் சொல்லலாம் என்று இருக்கிறேன், அவள் வாய்க்கு இனி நான்தான் அவல்.

ஈரத் தலையோடு படுக்காதே. நீ நினைத்ததெல்லாம் கைகூடி நீண்ட ஆயுளோடு நன்றாக இரு. கடிதம் கிடைத்ததும் என்னைத் திட்டுவதற்காவது ஒரு போன் பண்ணு.

இப்படிக்கு,
அந்தப் படத்தில் இருக்கும் உன் அம்மா