குழாய் மூட்டில் ஒரு நூல்

கிப்கெலியோன்,
ஜூன் 3

அன்புள்ள நெகேசா அக்காவுக்கு,

செரோப்பின் அக்கா செலாங்கட் எழுதுவது. நலமாக இருக்கிறீர்களா? இரண்டு முறை போன் செய்தேன். நீங்கள் "ஹலோ, யாரு?" என்றதும் வைத்துவிட்டேன். மன்னியுங்கள். எனக்குப் பேச வராது. ஏழாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் எழுதினால் கொஞ்சம் வருகிறது.

செரோப்பைத் தேயிலைச் சரிவுக்குக் கீழே, அப்பாவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம். அன்று விடாத மழை. ஊரே வந்தது. அம்மா, "மெஷின்காரி வரலையா?" என்று இரண்டு தடவை கேட்டாள். எனக்கும் வருத்தம்தான். நான்கு நாள் அவள் நெஞ்சுக்குப் பதிலாக மெஷினை ஓட்டியவர் நீங்கள். வருவீர்கள் என்று நினைத்திருந்தேன்.

அம்மா திரும்பவும் கொழுந்து பறிக்கப் போகிறாள். தனியாக விட மனமில்லாமல் நானும் போகிறேன். ஆபரேஷனுக்கு முன்னால் செரோப் உங்களிடம் கேட்டாளே, "நான் தூங்கும்போது என் நெஞ்சோட வேலையெல்லாம் அதுதான் பாக்குமா? அப்ப அதுக்கு உகாலிக் களி யாரு போடுவா?" என்று. அதைச் சொல்லிச் சொல்லி அம்மா சிரிக்கிறாள். சிரித்து முடித்ததும் கூடையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறாள்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இந்தக் கடிதத்தில் முடியவில்லை.

இப்படிக்கு,
செலாங்கட்


நைரோபி,
ஜூன் 11

என் அன்புச் செலாங்கட்,

போனை வைத்தது நீதான் என்று எனக்குத் தெரியும். மூச்சு விடும் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன். அடுத்த முறை நான் பேசுகிறேன், நீ மூச்சு மட்டும் விடு, போதும்.

அடக்கத்துக்கு வராதது என் குறைதான். செரோப் போன மறுநாளே அதே மெஷினில் இன்னொரு குழந்தை. விட்டு நகர முடியவில்லை. அம்மாவிடம் சொல்.

இங்கே வருகிறவர்கள் திரையைப் பார்ப்பார்கள், இல்லையென்றால் கண்ணை மூடி ஜெபிப்பார்கள். நீ ஒருத்திதான் குழாயைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். எங்கள் பிரிவில் உதவிக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள். விட்ட படிப்பில் ஒரு பரீட்சை மட்டும் எழுதிவிடு, மற்றதை நான் பேசிக்கொள்கிறேன்.

அப்புறம், அந்தக் கேள்வி என்ன? எதுவானாலும் கேள்.

உன் நெகேசா அக்கா


கிப்கெலியோன்,
ஜூன் 20

அன்புள்ள அக்கா,

கேட்டுவிடுகிறேன்.

ஆபரேஷன் முடிந்தும் அவள் நெஞ்சு தானாக ஓடாததால்தான் அந்த மெஷின் என்று நீங்கள் எனக்கு விளக்கினீர்கள். கறுத்த ரத்தம் உடம்பிலிருந்து வந்து, பம்பில் சுழன்று, பெட்டிக்குள் காற்று வாங்கி, சிவந்து திரும்பிப் போகும். குழாயைத் தொட்டுப் பார்க்கச் சொன்னீர்கள். அவள் கையைவிட அது சூடாக இருந்தது.

நான் உங்களிடம் சொல்லாதது ஒன்று உண்டு. அப்பா இருந்தவரை, காளையின் கழுத்தில் சின்ன அம்பால் குத்தி ரத்தம் பிடிப்பார், பாலில் கலந்து குடிக்க. குச்சியால் அதைக் கிண்டிக்கொண்டே இருப்பது என் வேலை. கை நின்றால் கட்டிவிடும். கட்டுவதற்கு முன் ஒரு நூல் வரும். தலைமயிர் அளவுதான் இருக்கும். "வருதுப்பா" என்பேன். "வாயில கிண்டாத, கையில கிண்டு" என்பார்.

மூன்றாம் நாள் மதியம் அந்த நூலைப் பார்த்தேன். பெட்டியைத் தாண்டி, சிவப்பு ரத்தம் திரும்புகிற வழியில், இரண்டு குழாய் சேரும் மூட்டில். ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. அது மட்டும் ஓடாமல், அசைந்தபடி அங்கேயே நின்றது.

சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது நீங்கள் டார்ச்சோடு வந்து குனிந்து பார்த்தீர்கள். "நல்லாத்தான் ஓடுது. நீ போய் டீ குடிச்சிட்டு வா" என்றீர்கள். காளை ரத்தம் வேறு, இது வேறு போல என்று நினைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனேன்.

மறுநாள் காலையில் செரோப்புக்கு ஒரு கண்ணின் கருமணி மட்டும் விரிந்து நின்றது. ரத்தக் கட்டி மூளைக்குப் போய்விட்டது என்றார் டாக்டர்.

அக்கா, நான் சொல்லியிருந்தால் அவள் இருந்திருப்பாளா? எனக்குச் சமாதானம் வேண்டாம். நிஜம் வேண்டும்.

செலாங்கட்


நைரோபி,
ஜூலை 14

செலாங்கட்,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். இதைக் கிழிக்கப் போவதில்லை.

நீ பார்த்தது நிஜம். அதை உனக்கு முன்னால், காலையிலேயே, நானும் பார்த்திருந்தேன்.

நேராகப் போகிற குழாயில் ரத்தம் வேகமாக ஓடும். மூட்டுக்குள்ளே சின்ன விளிம்பு ஒன்று இருக்கிறது. அங்கே சுழன்று தயங்கும். தயங்குகிற இடத்தில் கட்டும். கட்டாமலிருக்க மருந்து உண்டு. செரோப்புக்குத் தையலில் ரத்தம் கசிந்ததால் அதைக் குறைத்திருந்தோம்.

டாக்டரிடம் சொன்னேன். குழாயை மாற்றுவதென்றால் ஓட்டத்தை ஒரு நிமிடம் நிறுத்த வேண்டும். "அந்த ஒரு நிமிஷத்த இவ நெஞ்சு தாங்காது. கொஞ்சம் தேறட்டும், நாளைக்கு மாத்தலாம்" என்றார். நானும் தலையாட்டினேன். அது சரியா தவறா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

நீ வாயைத் திறந்ததைப் பார்த்தேன். உன் கண் எங்கே இருக்கிறது என்றும் தெரிந்தது. அதனால்தான் உன்னை டீ குடிக்க அனுப்பினேன். எதிரே உன் அம்மா இருந்தார். நம்மால் ஒன்றும் செய்ய முடியாத நேரத்தில் அதைச் சொல்லி என்ன ஆகும் என்று நினைத்துவிட்டேன்.

நீ சொல்லியிருந்தாலும் எதுவும் மாறியிருக்காது. இது நீ கேட்ட நிஜம். அந்த வேலை இன்னும் காலியாக இருக்கிறது. வருவாயா?

நெகேசா


கிப்கெலியோன்,
ஜூலை 25

நெகேசா அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. தேயிலைக்குள் போய் உட்கார்ந்து அழுதேன். முதலில் நிம்மதியில்தான் அழுதேன், மறைக்க மாட்டேன். இரண்டு மாதமாக நான்தான் அவளைக் கொன்றேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி எதையும் வாய்க்குள் வைத்துக்கொள்ளக் கூடாது என்று தோன்றியது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. முழுவதையும் படித்துக் காட்டினேன். நான் பார்த்ததையும் சொன்னேன். அம்மா சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தாள். கடைசிவரை கை நிற்கவில்லை. பிறகு கேட்டாள்:

"அப்ப அந்த மெஷின்காரிக்குத் தெரியும். டாக்டருக்குத் தெரியும். உனக்கும் தெரியும்."

"ஆமாம்மா."

"நான் அவ பாதத்தப் புடிச்சிக்கிட்டு அங்கதானடி உக்காந்திருந்தேன்."

அம்மா அடுத்த கதிரை எடுத்தாள்.

"ஒருத்தர் சொல்லியிருந்தா, அன்னைக்கே அவகிட்டப் பேசியிருப்பேன். காதுல விழுதோ இல்லையோ, பேசியிருப்பேன். முழிச்சதும் பேசிக்கலாம்னு இருந்துட்டேனே."

அதற்குப் பிறகு அம்மா என்னோடு பேசவில்லை. இன்றோடு ஒன்பது நாள். எனக்குச் சாப்பாடு எடுத்து வைக்கிறாள். காலையில் எனக்காக நிற்காமல் நடக்கிறாள். நான் பின்னால் போகிறேன். ஒரே வரிசையில்தான் பறிக்கிறோம்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. எப்படிக் கோபப்பட முடியும், நானும் அதையேதான் செய்தேன். ஆனால் வேலைக்கு வரமாட்டேன். அம்மா வாய் திறக்கும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இதற்குப் பதில் எழுதாதீர்கள் அக்கா. படிக்கத் தெரியாவிட்டாலும் உங்கள் உறை வந்தால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
செலாங்கட்